இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்குங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பெல்லி டான்ஸ் கற்கிறவர்களில் பலர் அதைத் தேடிப் போய்ச் சேர்ந்தவர்கள் அல்ல. ஜும்பா வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிஷமாக வந்திருக்கும். சினிமா டான்ஸ் கிளாஸில் ஒரு பாட்டாக, இல்லையென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் சங்கீத்துக்காக அவசரமாகக் கற்ற மூன்று நிமிஷமாக வந்திருக்கும். உடை விஷயத்திலும் அதே அவசரம்தான். வாடகைக் கடையில் "அரபிக் டிரஸ்" என்று கேட்டால் ஒரே ஒரு செட்டை எடுத்து நீட்டுவார்கள்: காற்றடைத்த பாலியெஸ்டர் பேன்ட், தங்கநிற பிளாஸ்டிக் காசு தைத்த பட்டை, முகத்துக்கு ஒரு வலைத்திரை. மெதுவான பாட்டுக்கும் அதுதான், குத்துத் தாளத்துக்கும் அதுதான்.

அந்த செட் நமக்குச் சினிமாவிலிருந்து வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), ஹெலன் வந்து ஆடிய 'உத்தம புத்திரன்' (1958), பிறகு 'ஷோலே'யில் (1975) அதே ஹெலனின் ஆட்டம் என்று பார்த்துப் பார்த்து, அரபு நடனம் என்றாலே இன்ன உடை என்று கண்ணில் பதிந்துவிட்டது. காமிராவுக்கு அது போதும். எந்த இடத்தை எவ்வளவு கிட்டத்தில் காட்டுவது என்பதை அங்கே காமிராமேன் முடிவு செய்கிறார். மண்டபத்தில் நாற்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் இடுப்பு என்ன செய்கிறது என்பதை அவருக்குக் காட்டும் வேலை உடையுடையது.

ஆகவே முதல் விதி: நடனம் முழுசாக முடிவாகும்வரை துணி வாங்காதீர்கள். அசைவுகள் எல்லாம் நிலைத்த பிறகு சாதாரண டி-ஷர்ட், லெகிங்ஸில் ஆடி, அறையின் மறுகோடியில் போனை வைத்து வீடியோ எடுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாட்டு ஓடும்போது எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். சத்தம் நின்றால்தான் ஆட்டம் உடம்பில் எங்கே இருக்கிறது என்பது தெரியும். இடுப்பு மேலும் கீழும் வெட்டுவது அதிகமா? எட்டுப் போடுவது, வட்டம் போடுவது அதிகமா? வயிற்றலையா? கைகளா? மேடை முழுக்கச் சுற்றி வருகிறீர்களா? எது அதிகமோ அங்கே உடை பேச வேண்டும், மற்ற இடங்களில் அடங்கியிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் மின்னும் உடையில் எதுவும் தெரியாது.

கெய்ரோவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. இன்று உலகம் முழுக்க பெல்லி டான்ஸ் உடையாகத் தெரிகிற இரண்டு துண்டு 'பெத்லா', அதாவது மணி தைத்த மேல்கச்சையும் பட்டை வைத்த பாவாடையும், பாலைவனத்துப் பழைய உடை அல்ல. பதியா மசாப்னி 1926இல் கெய்ரோவில் தொடங்கிய இரவு விடுதி போன்ற மேடைகளில், மேல்நாட்டு மேடைக் கவர்ச்சியையும் ஹாலிவுட்டின் அரபுக் கற்பனையையும் கலந்து உருவானது. அதற்கு முன் கவாஸி நடனப் பெண்கள் உடம்பை மூடிய நீள அங்கியின்மேல் இடுப்பில் துணி கட்டித்தான் ஆடினார்கள். வீட்டு முற்றம், தெரு என்று ஆடிய நடனம் பெரிய மேடைக்கு ஏறியதும் நகர்வு கூடியது, கைவீச்சு கூடியது, உடையும் மாறியது. பதியாவிடமிருந்து வந்தவர்களிலேயே தஹியா கரியோகா நின்ற இடத்தில் நுணுக்கமாக ஆடியவர் என்றும், சாமியா கமல் பாலே சாயலோடு மேடையை அளந்தவர் என்றும் பேர் வாங்கினார்கள். ஒருவருடைய உடையை மற்றவருக்குப் போட்டிருந்தால் இரண்டு ஆட்டமும் கெட்டிருக்கும்.

பட்டையும் தொங்கலும்

முதலில் முடிவு செய்ய வேண்டியது இடுப்புப் பட்டை. பாவாடை, மேல்கச்சை, நகை எல்லாம் அதற்குப் பிறகு. பட்டை உட்கார வேண்டிய இடம் புடவை கட்டும் இடம் அல்ல. அதற்கு நன்றாகக் கீழே, இடுப்பெலும்பு முனைகளை ஒட்டி. மேலே ஏற்றிக் கட்டினால் அசைவு பட்டைக்குக் கீழே நடந்து முடிந்துவிடும், பட்டை சும்மா இருக்கும். இறுக்கம் எவ்வளவு என்றால், இரண்டு விரல் நுழையக் கூடாது, ஆனால் சதை பிதுங்கவும் கூடாது. தளர்வான பட்டை இடுப்பு வெட்டி முடித்த பிறகு தானும் ஒருமுறை ஆடும். பார்க்கிறவருக்கு நீங்கள் தாளம் தப்பியதுபோலத் தெரியும்.

பட்டையில் தொங்கும் மணிச்சரத்தின் நீளத்தைத்தான் பலர் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைத் தாளத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொங்குகிற எதுவும் ஊசல்தான், நீளம் கூடினால் அசைவு மந்தமாகும். 10 இஞ்ச் சரம் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு விநாடி எடுக்கும். இரண்டரை இஞ்ச் சரத்துக்கு அதில் பாதி நேரம் போதும். உங்கள் பாட்டில் விநாடிக்கு இரண்டு வெட்டு விழுகிறது, பட்டையில் நீளச் சரம் தொங்குகிறது என்றால், முதல் வெட்டுக்குக் கிளம்பிய சரம் திரும்புவதற்குள் இரண்டாம் வெட்டு வந்து எதிர்த்திசையில் இழுக்கும், மணிகள் சிக்கிக்கொள்ளும். தர்புகா தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது டிரம் சோலோவுக்கு, இரண்டிலிருந்து மூன்று இஞ்ச் சரம்தான் சரி. மெதுவான இசைக்கு, இடுப்பை ஆற அமர எட்டுப் போடும் இடங்களுக்கு, நீளச் சரம் அற்புதமாக இருக்கும். இடுப்பு நின்ற பிறகும் அது ஒரு கணம் நகர்ந்துகொண்டிருப்பது அங்கே குறை ஆகாது.

ஷிம்மி எனப்படும் தொடர் நடுக்கத்துக்கு வேறு கணக்கு. அங்கே எந்த நீளமும் தாளத்தோடு சேராது, சரங்கள் மங்கலாக அதிரும், அதுவே அழகு. ஆனால் சரத்தின் எடை முக்கியம். கண்ணாடி மணி கனமானது, நேராக விழும், சின்ன அதிர்வையும் காட்டும். பிளாஸ்டிக் மணி லேசாகப் பறக்கும். அதன் சத்தமும் வேறு. கடையில் இரண்டையும் ஒரு முழம் தூக்கிப் பிடித்து விரலால் நடுக்கிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். கண்ணாடி மணி முழுப் பட்டைக்குப் போனால் எடை கிலோக் கணக்கில் ஏறும். அதைத் தாங்க உள்ளே கேன்வாஸோ இரண்டு மடிப்பு பக்ரமோ வேண்டும். சாட்டின் துணியில் நேராகத் தைத்தால் முதல் ஒத்திகையிலேயே தொய்ந்துவிடும்.

காசுப் பட்டை வாங்காதவர்களே இல்லை. ஷிஃபான் துணியில் மூன்று நான்கு வரிசை காசு தைத்து, முக்கோணமாகக் கட்டுவதற்கு விற்கிறார்களே, அது. வகுப்புக்கு அது நல்லதுதான். உங்கள் வெட்டு எங்கே விழுகிறது என்பது உங்கள் காதிலேயே கேட்கும். மேடைக்கு நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. மண்டபத்து ஸ்பீக்கருக்கு முன்னால் அதன் சத்தம் கேட்காது. ஸ்பீக்கர் இல்லாத சின்ன இடத்தில், மெதுவான பகுதியில், நீங்கள் நடந்து வருவதே கலகலவென்று கேட்கும். நேரடி தர்புகா கலைஞர் இருந்தால் அவருக்கும் அது இடைஞ்சல். வெட்டுகள் கூர்மையாக விழுகிற, நடுவே முழு நிறுத்தங்கள் உள்ள நடனம் என்றால் மட்டும் போடுங்கள். நிறுத்தத்தில் காசும் நின்றால் கைத்தட்டு நிச்சயம்.

பாவாடைக் கணக்கு

நின்று ஆடும் நடனத்துக்கு லைக்ரா நேர்ப் பாவாடை. முட்டிக்குக் கீழே கொஞ்சம் விரிந்தால் போதும். சுழன்று ஆடும் நடனத்துக்கு, நம் டெய்லர்கள் 'ஃபுல் அம்பர்லா' என்கிற முழு வட்டம். இரண்டும் கலந்த நடனத்துக்கு நேர்ப் பாவாடையில் தொடைவரை வெட்டு வைத்து, வெட்டுக்குள் ஜார்ஜெட் வைப்பது எகிப்தியப் பாணிக்கு நெருக்கமாக இருக்கும்.

முழு வட்டத்துக்கு எவ்வளவு துணி என்று டெய்லரிடம் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். நீங்களே போட்டுப் பார்க்கலாம். பட்டை உட்காரும் இடத்தில் சுற்றளவு 38 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். 6.28ஆல் வகுத்தால் 6. இதுதான் நடு ஓட்டையின் ஆரம். அங்கிருந்து பாவாடை நீளம் 37, மடிப்புக்கு 1. மொத்தம் 44 இஞ்ச் ஆரம். கோடவுன் தெருவில் வாங்குகிற ஜார்ஜெட்டின் பன்னாவும் பொதுவாக 44 இஞ்ச்தான். ஆகவே ஓர் அரைவட்டம் துணியின் நீளவாக்கில் 88 இஞ்ச் எடுக்கும். இரண்டு அரைவட்டம் 176 இஞ்ச், அதாவது நாலரை மீட்டர். 5 மீட்டராக வாங்குங்கள். உயரமானவர்களுக்கு 44 பன்னா போதாது, 58 பன்னா துணி கேட்க வேண்டும். இந்தப் பாவாடையின் கீழ் ஓரம் சுற்றி 7 மீட்டர் வரும். ஓரத்துக்கு லேஸ் வைக்கும் ஆசை வந்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், கனமான லேஸ் வைத்த ஓரம் சுழலும்போது நன்றாகப் பறக்கும், நீங்கள் நின்ற பிறகு நிற்காது, காலைச் சுற்றிக்கொள்ளும். சுழன்று சட்டென்று நிற்கிற அசைவு நடனத்தில் இருந்தால் ஓரத்துக்கு வெறும் பீக்கோ மட்டும் அடியுங்கள்.

வட்டமாக வெட்டிய துணியில் நான்கு இடங்களில் க்ராஸ் வரும். அந்த இடங்கள் தன் எடையிலேயே கீழே இறங்கும். எனவே பட்டி வைத்துத் தைத்த பிறகு ஓரம் அடிக்காமல் ஓரிரு நாள் தொங்கவிட்டு, பிறகு உடுத்தி நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து ஓரத்தைச் சமப்படுத்த வேண்டும். "இன்னிக்கே முடிச்சிடலாம்மா" என்று மாஸ்டர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறுங்காலில் ஆடினால் ஓரம் தரையிலிருந்து ஒன்றரை இஞ்ச் மேலே நிற்கட்டும். நீங்கள் பின்னால் அடி வைக்கும் இடம் நடனத்தில் இருந்தால் பின்பக்கம் இன்னும் அரை இஞ்ச் ஏற்றுங்கள்.

தரையில் உட்கார்ந்து, மண்டியிட்டு ஆடும் பகுதி இருந்தால் முழு வட்டமும் வேண்டாம், இறுக்கமான நேர்ப் பாவாடையும் வேண்டாம். முன்னும் பின்னும் தனித்தனிப் பலகைகளாகத் தொங்கும் பாவாடை, உள்ளே கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த தொளதொள பேன்ட் போதும். முட்டி படும் இடத்தில் மணி, கல் எதுவும் இருக்கக் கூடாது. எழுந்திருக்கும்போது துணியை மிதிக்கிறீர்களா என்பதை ஒத்திகையில் பாருங்கள். மேடையில் அதைத் திருத்த முடியாது.

வயிறு தெரிய வேண்டுமா

இங்கேதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். நான் சொல்வது ஒன்று: வீடியோவைத் திரும்பப் பாருங்கள். வயிற்றலை, வயிற்று நடுக்கம் இவை நடனத்தில் இல்லையென்றால் வயிறு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம் பக்கத்து மேடை நடனங்களில் பெரும்பாலும் இடுப்புதான் வேலை செய்கிறது.

எகிப்திலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1950களில் அங்கே வெறும் வயிற்றோடு ஆடக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியபோது நடனக்காரிகள் வலைத்துணியால் மூடி ஆடினார்கள். இன்றும் கெய்ரோவில் வலை வைத்த உடைகள் சாதாரணம். நம் சினிமா டான்ஸர்கள் போடுகிற ஸ்கின் கலர் நெட் அதே வேலையைச் செய்யும். மேல்கச்சையையும் பட்டையையும் அது இணைத்துவிடுவதால், கையைத் தூக்கும்போது மேல்கச்சை ஏறுமோ என்ற பயமும் போய்விடும். உங்கள் தோலைவிட ஒரு ஷேட் கருமையான நெட் எடுங்கள். வெளிர் நெட் எல்.இ.டி. விளக்கில் சாம்பல் பூசியதுபோலத் தெரியும். கடைக்காரர் காட்டும் 'ஸ்கின் கலர்' பெரும்பாலும் நம் தோல் அல்ல. அதை டீத்தூள் டிகாஷனில் முக்கி எடுத்தால் ஓரளவு நெருங்கி வரும், ஆனால் பருத்தி அல்லது நைலான் கலந்த நெட்டில்தான் சாயம் பிடிக்கும், பாலியெஸ்டரில் ஒட்டாது.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி, பலதி உடை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே நீள கவுன், பக்கத்தில் வெட்டு, இடுப்பில் ஒரு துணி இறுக்கிக் கட்டு. சமரசமாக இதைப் போடுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாட்டுப்புறச் சாயல் உள்ள பலதி பாட்டுகளுக்கு கெய்ரோவில் இதுதான் உடை. மேல் எகிப்தின் சயீதி தாளத்துக்குக் கையில் கம்பு வைத்து ஆடுகிறீர்களா? அப்போதும் நீள கவுன்தான், மணிக்கச்சை பொருந்தாது. அந்தக் கம்பாட்டத்துக்கு மூலமான 'தஹ்தீப்' 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆண்கள் நீள அங்கியில் ஆடும் சிலம்பம் மாதிரியான வித்தை அது. பெண்கள் அதைக் கிண்டலும் நளினமுமாக ஆடிக் காட்டுவதுதான் இந்த நடனம். அதற்கு மணிக்கச்சை போட்டுக்கொண்டு வந்தால் கம்பு சரத்தில் மாட்டும், ஆட்டத்தின் குணமும் போகும். வளைகுடா நாட்டுக் கலீஜி ஆட்டத்துக்கு இன்னும் அகலமான, சரிகை வைத்த தொளதொள அங்கி. தலைமுடி வீச்சும் அங்கியின் முன்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவதுமே அங்கே நடனம், இடுப்பு அதற்குள் மறைந்தே இருக்கும்.

குழுவாக, ஒருவர் சைகை காட்ட மற்றவர்கள் தொடரும் டிரைபல் பாணி கற்பவர்களுக்கு வேலை சுலபம். 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் கரோலீனா நெரிச்சியோ தொடங்கிய 'ஃபேட் சான்ஸ் பெல்லி டான்ஸ்' குழு உலகத்துக்குக் கொடுத்த தோற்றமே நம் முதுகு திறந்த சோளியும், பல அடுக்குப் பாவாடையும், கண்ணாடி வைத்த தையலும்தான். அமெரிக்காவில் இதற்குப் பெரிய விலை கொடுக்கிறார்கள். நமக்கு வீட்டுப் பெட்டியிலேயே பாதி இருக்கும். கழுத்துக்குப் பாசிமணி வேண்டுமென்றால் ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. நீங்கள் நிறம் சொன்னால் கேட்ட நீளத்துக்குக் கோத்துத் தருவார்கள்.

முகத்திரையைப் பற்றி ஒரே வரி: எந்தப் பாணியிலும் அது தேவையில்லை, வாடகை செட்டோடு வந்தால் பையிலேயே விட்டுவிடுங்கள்.

வெயில் துணி

வெயில் என்றால் ஆடும்போது கையில் ஏந்தும் நீளத் துணி. இதற்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டாம். உலகம் முழுக்க இதன் அளவு மூன்று கெஜம், நம் கணக்கில் 2.75 மீட்டர். ஐந்தரை மீட்டர் புடவையில் சரிபாதி. அம்மாவின் பழைய ஷிஃபான் புடவை ஒன்றை ஃபால்ஸ் பிரித்து, நடுவில் வெட்டி, வெட்டிய ஓரத்துக்குப் பீக்கோ அடித்தால் இரண்டு வெயில் ஆயிற்று. அம்மாவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். பாலியெஸ்டர் ஷிஃபான் வேர்த்த கையில் ஒட்டும், சென்னையில் அது பெரிய தொல்லை. மெல்லிய பட்டுத் துணி ஒட்டாது, காற்றிலும் நிதானமாக இறங்கும். கைச் சுழற்சி நிறைய உள்ள நடனமென்றால் பட்டுக்கே போங்கள். உள்ளே வரும்போது மட்டும் பிடித்து, அரை நிமிஷத்தில் வீசிவிடுகிறீர்கள் என்றால் புடவையே போதும்.

வெயில் இருந்தால் மற்றதெல்லாம் குறைய வேண்டும். ஜிமிக்கி, கொக்கி வைத்த வளையல், முதுகுப்பக்கம் கல், தலையில் நீட்டிய ஊசி எல்லாம் துணியைப் பிடித்து இழுப்பவை. மண்டப மேடைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கும் பெடஸ்டல் ஃபேன்தான் பெரிய எதிரி. துணி உங்கள் பக்கம் வராமல் மாப்பிள்ளை நாற்காலிப் பக்கம் போகும். ஆடும் மூன்று நிமிஷத்துக்கு அதை நிறுத்தச் சொல்ல ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கடையும் மாஸ்டரும்

ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வரை லோக்கல் ரயிலில் போய் இறங்கி பார்க் டவுன் பக்கம் நடந்தால் எல்லாம் அங்கேயே. பூந்தமல்லியிலிருந்து பிராட்வே பஸ். ஜார்ஜெட், சாட்டின், நெட்டுக்கு கோடவுன் தெரு. லேஸ், மணிச்சரம், கல், காசுக்கு நாராயண முதலி தெருவும் ரத்தன் பஜாரும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும். குழு நடனமென்றால் எல்லாருக்கும் ஒரே தானிலிருந்து ஒரே தடவையில் துணி எடுங்கள். அதே நிறம் என்று அடுத்த வாரம் வாங்கி வருவது மேடை விளக்கில் வேறு நிறமாகத் தெரியும்.

தையலுக்கு சௌகார்பேட்டை வரை போக வேண்டியதில்லை. ஆவடியில் ராணுவ உடை தைக்கும் ஓ.சி.எஃப். 1961இலிருந்து இருக்கிறது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை கம்பெனிகள் பல தலைமுறைத் தையல்காரர்களை உருவாக்கியிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நல்ல கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த வேலைக்கு யார் என்பதைப் பார்க்க வேண்டும். மேல்கச்சைக்கு பிளவுஸ் டெய்லர் போதும். கப் பிளவுஸ், பிரின்சஸ் கட் தைப்பவருக்கு இது புதிதல்ல. எலாஸ்டிக் பட்டியை எடுத்துவிட்டு இழுபடாத பட்டி வைக்கச் சொல்லுங்கள். மணி எடைக்கு எலாஸ்டிக் இறங்கிவிடும். லைக்ரா பாவாடைக்கு அவரிடம் போகாதீர்கள். சாதாரண மெஷின் தையல் லைக்ரா இழுபடும்போது படபடவென்று அறுந்துவிடும். ஓவர்லாக் மெஷினும் பின்னலாடை ஊசியும் வைத்திருப்பவர் வேண்டும், அதாவது லெகிங்ஸ், டிராக் பேன்ட் தைத்த அனுபவம் உள்ளவர்.

"மாஸ்டர், இது நின்னு பார்க்கிற டிரஸ் இல்ல, ஆடுற டிரஸ்" என்று முதலிலேயே சொல்லி, போனில் இருக்கும் வீடியோவைக் காட்டுங்கள். "அப்போ கை தூக்குனா ஏறக் கூடாது, அவ்ளோதானேம்மா?" என்று அவர் கேட்டால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். அளவெடுக்கும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்கும்போது ஒருமுறை, மூச்சை முழுக்க இழுத்து ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள்.

மணி வேலையை ஆரி போடுகிறவரிடம் கொடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரித் தையல் சங்கிலித் தையல். எங்காவது ஓர் இடத்தில் நூல் அறுந்து, நுனி மாட்டி இழுபட்டால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். பட்டுப் பிளவுஸில் அது பரவாயில்லை, அதை யாரும் தரையில் உரசுவதில்லை. இடுப்புப் பட்டையில் ஒவ்வொரு இரண்டு இஞ்சுக்கும் முடிச்சுப் போட்டு நூலை அறுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் ஃபேப்ரிக் க்ளூ மெல்லிசாகத் தடவி, அதன்மேல் லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தொங்கும் சரங்களை மட்டும் ஆரியில் விடாமல் கையால், ஒவ்வொரு சரத்துக்கும் தனி முடிச்சோடு கோக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு சரம் போனால் ஒரு சரம்தான் போகும். கூலி கொஞ்சம் கூடக் கேட்பார்கள், அது நியாயம்.

மண்டபம், விளக்கு, வேர்வை

நிறத்தை எடுக்கும் முன் மேடையின் பின்னணியைக் கேளுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை மண்டபங்களில் பின்னணி பெரும்பாலும் சிவப்பு, தங்கம், ஜவ்வந்தி மஞ்சள். அதற்கு முன்னால் தங்கநிற உடை காணாமல் போகும். மயில்கழுத்து நீலமோ வெள்ளியோ எடுங்கள். விளக்கையும் பாருங்கள். சிவப்பு விளக்கில் பச்சைத் துணி கறுத்துவிடும், நீல விளக்கில் சிவப்புத் துணி கறுத்துவிடும். டி.ஜே.காரர் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பார் என்றால் வெள்ளி மணி வைத்த உடைதான் பாதுகாப்பு, அது எந்த வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பும்.

குழுவில் ஆடும்போது பாவாடை ஓரம் எல்லாருக்கும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஆளாளுக்கு அவரவர் இடுப்பிலிருந்து அளந்தால் வரிசை ஏணிப்படி மாதிரி தெரியும். பள்ளி ஆண்டு விழாக் குழந்தைகளுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம்: முழுக்கை டாப், லெகிங்ஸ், மேலே ஒரு காசுத் துணி. அவர்கள் ஆடும் அசைவுக்கு அதுவே மிகுதி.

உடை கையில் கிடைத்த அன்றே முழு நடனத்தையும் அதில் இரண்டு முறை தொடர்ந்து ஆடுங்கள், ஃபேன் போடாமல். வேர்த்த பிறகுதான் பட்டை வழுக்குமா, ஒட்டுக் கல் உதிருமா, நெட் அரிக்குமா என்பது தெரியும். பிறகு உட்காருங்கள், குனியுங்கள், தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள். பட்டையைப் பாவாடையோடும், பாவாடையை உள் லெகிங்ஸோடும் நான்கு இடத்தில் ஊக்குக் குத்துங்கள். ஹூக் எவ்வளவு பலமாக இருந்தாலும் மேடை ஏறும் முன் ஹூக்குக்குப் பக்கத்தில் ஓர் ஊக்கு. ஊக்கின் வாய் உடம்பைப் பார்க்கக் கூடாது, படுக்கைவாட்டில் இருக்கட்டும். கல்யாண மேடைக் கம்பளத்தில் அலங்காரக்காரர்கள் விட்டுப்போன குண்டூசிகள் கிடக்கும். வெறுங்காலில் ஆடுகிறவர்கள் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஆடி முடித்ததும் உடையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணிக்காதீர்கள். உப்பு பட்ட காசு ஒரே வாரத்தில் கறுக்கும். லைனிங்கைத் தனியாகக் கழற்றித் துவைக்கிற மாதிரி பட்டன் வைத்துத் தைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் உள்பக்கம் மேலாக இருக்கும்படி நிழலில் ஃபேன் காற்றில் ஓர் இரவு விடுங்கள். சென்ட்டை உடம்பில் போட்டு, காய்ந்த பிறகு உடையைப் போடுங்கள், மணிமேல் படக் கூடாது. மணிப் பட்டையை ஹாங்கரில் மாட்டினால் தன் எடையில் தானே நீளும். பழைய வேட்டித் துணியில் பரப்பி, சுருட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். உதிர்ந்த மணிகளையும் ஊசியில் கோத்த அதே நூலையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், அடுத்த நிகழ்ச்சிக்கு முந்தின இரவு அதைத்தான் தேடுவீர்கள்.